நாலு மூட்டைப் பழமும் ஒரு குட்டி ஜெனரேட்டரும்

இனிமேல் கரண்டை நம்பி வாழறதில்லைன்னு சபதம் போட்டேனுங்க. போட்ட கையோட சேலத்துக்கு எறங்கி, ஒரு குட்டி ஜெனரேட்டரை வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியிலயே வச்சுப் பஸ்ஸுல கொண்டாந்தேன்.

என் சம்சாரம் சசிரேகா அதைச் சுத்திச் சுத்திப் பார்த்தா.

"ஏனுங்க, குட்டியைத் தூக்கிட்டு வந்துட்டீங்களே, தாய் தேடாதுங்களா?"

"உருவத்தைப் பார்க்காத புள்ள. இது காப்பிப் பழத்தோலு உரிக்கற பல்ப்பர் மிஷினையே ஓட்டும்!"

அந்த வாய்க்குச் சோதனை ஞாயித்துக்கிழமையே வந்துச்சு. மஞ்சக்குட்டை ரோட்டுல சில்வர் ஓக் மரம் விழுந்து லைன் அறுந்து போச்சு. நாளைக்குத்தான் கரண்டாம். நாலு மூட்டை காப்பிப் பழம் பறிச்சு வச்சிருக்குது. அன்னைக்கே பல்ப்பர்ல போட்டுத் தோலை உரிக்கலைன்னா புளிச்சு நாறிப் போயிரும். அதே மத்தியானம் மூணு மணிக்கு கிரிக்கெட் பைனல். சசிரேகாவைப் பல்ப்பர்கிட்ட நிறுத்திட்டு நான் டிவிகிட்ட உக்கார்றதுன்னு மனசுக்குள்ள திட்டம் போட்டுட்டேன்.

மோட்டாரை மாட்டினேன். ஜெனரேட்டர் ரெண்டு இருமல் இருமிட்டுப் படுத்துக்கிச்சு. எழுப்பினேன். மறுபடியும் படுத்துக்கிச்சு. மெக்கானிக் கிறிஸ்டோவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மலை மேல காத்து மெலிசு. எஞ்சினு முழு சக்தி குடுக்காது. மோட்டாரு கெளம்பறப்பத்தான் நெறைய இழுக்கும். பல்ப்பர் சக்கரத்தைக் கையில சுத்தி வேகம் குடுங்க, அப்புறம் சுவிட்சைப் போடுங்க. கூட வேற எதையும் மாட்டிராதீங்க."

கூட நின்னு கேட்டுட்டிருந்த சசிரேகா துள்ளுனா.

"அவ்வளவுதானுங்களே! நீங்க கீழ பல்ப்பர் கொட்டாயில போயிச் சுத்துங்க. ஜெனரேட்டரை நான் பார்த்துக்கறேன்."

போயிச் சுத்தினேன். மேல ஊட்டுக்குப் பின்னால ஜெனரேட்டர் காடே அதிர உறுமுச்சு.

"சசி, கையெடுக்கட்டுமா?"

"அய்யோ, எடுத்தராதீங்க! இப்பத்தான் ஓடறதுக்குப் புடிச்சிருக்குது. கை சும்மா தொணைக்கு இருக்கட்டுமுங்க!"

ஒரு கையில பழத்தை அள்ளிப் போட்டேன். ஒரு கை தொணைக்கு. மொத மூட்டையில தோள்பட்டை அழுதுச்சு. ரெண்டாவதுல இடுப்பும் சேர்ந்துக்கிச்சு.

"சசி, நொம்பக் கனமா இருக்குது!"

"மலைக்காத்து மெலிசுங்க! சுத்துங்க!"

அந்தப் பக்கமா வந்த மாதப்பன் நின்னு பார்த்தான்.

"ஏனுங் மச்சான், கையிலயா சுத்தறீங்க?"

"கையிலயா? மேல சத்தத்தைக் கேளு! எல்லாம் மிஷினு இழுக்குது!"

அவன் மிஷினைப் பார்த்தான். என் பனியன்ல வழியற வேர்வையைப் பார்த்தான். தலையை ஆட்டிட்டு நடையைக் கட்டினான், புண்ணியவான்.

நாலாவது மூட்டை முடிஞ்சப்ப பொழுது எறங்கிருச்சு. கடைசி ஓவராச்சும் கெடைக்குமான்னு மேல ஓடினேன். ஊட்டுக்குள்ள ஒரே கூச்சல். சசிரேகாவும் பக்கத்து ஊட்டுக் கண்ணாயி அக்காவும் கட்டில் மேல ஏறிக் குதிக்கறாங்க.

"ஜெயிச்சுட்டமுங்க! கடைசிப் பந்துல சிக்ஸருங்க! அடடா, நீங்க பார்க்காமப் போயிட்டீங்களே!"

அப்பத்தான் டிவி ஓடறது என் கண்ணுல பட்டுச்சு.

"டிவி எப்படி ஓடுது?"

"ஜெனரேட்டர்லதானுங்க."

"அப்ப பல்ப்பரு?"

"ரெண்டும் மாட்டக் கூடாதுன்னு கிறிஸ்டோ சொன்னாருங்களே. மோட்டாரு ப்ளக்கைப் புடுங்கிட்டு டிவியை மாட்டுனேன்."

"எப்ப?"

"டாஸ் போடறப்பவே."

"அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க கட்டில்ல உக்காந்திருப்பீங்க. நான் கொட்டாயில நின்னுட்டிருப்பேன்."

இது இவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலீங்க. ஆனாலும் விடலை.

"ஜெனரேட்டர் இருக்கறப்ப மனுசன் நாலு மூட்டையும் கையிலயா சுத்தறது?"

சசிரேகா என் கையில டம்ளரைத் திணிச்சா.

"அதுக்குப் பெட்ரோல் ஊத்தோணுமுங்க. உங்களுக்கு டீத்தண்ணியே போதும்."