கொக்கு பார்த்த கூட்டம்

“ஒருத்தரையொருத்தர் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. முக்கியமா, என்னைத் தெரியவே தெரியாது. புரிஞ்சுதா?”

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கிசுகிசுத்தார். எதிரே அவருடைய வாடிக்கையாளர்கள்: ஒரு தையல்காரர், ஒரு பல் டாக்டர், பஸ் ஓட்டுநரும் அவர் மனைவியும், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்.

“ஒரு சந்தேகம்,” என்றார் தபால்காரர். “என் கண்ணாடி இன்னும் ரெடியாகலைன்னு நீங்கதானே சொன்னீங்க? கையை நீட்டினா விரல் தெரியல. நான் எதைப் பாக்கறது?”

“பாக்கற மாதிரி தலையாட்டுங்க, போதும்.”

கடைக்காரரின் மனைவி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. ஊருக்கு நடுவே ஓடும் கால்வாயோரம் ஜனங்களை அழைத்துப்போய், செடி கொடி, பறவை, பூச்சி என்று காட்டி, அவர்களையே வரையவும் வைக்கும் ‘ஞாயிறு நடை’யை அவள்தான் நடத்திவந்தாள். ஆரம்பத்தில் கூட்டம் வந்தது. அப்புறம் மழை வந்தது. அதற்கப்புறம் யாரும் வரவில்லை. சில வாரங்களாகக் கணவனும் மனைவியும் மட்டும் விடிந்ததும் பாலத்தடியில் போய் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். திரும்பும்போது அவள் விடும் பெருமூச்சு கடைக்காரரின் நெஞ்சை அறுத்தது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

பாலத்தடிக்கு எல்லோரும் ‘தற்செயலாக’ வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் மனைவி பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தேவிட்டாள்.

“என்னங்க... இவ்வளவு பேரா?”

“நீ விடாம நடத்தினதுக்குப் பலன்மா,” என்றார் கடைக்காரர்.

அப்போதுதான் குடை பிடித்தபடி ஓர் அம்மாள் வந்து வரிசையில் நின்றாள்.

தையல்காரர் கடைக்காரரின் காதைக் கடித்தார். “இது நம்ம ஆளா?”

“இல்லையே! நிஜமாவே வந்திருக்காங்க!”

கடைக்காரர் அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இத்தனை நாள் கழித்து ஒரே ஒரு நிஜ ஆள். இது நாடகம் என்று குடைக்காரம்மாவுக்குத் தெரிந்தால் மனைவியின் மானம் கப்பலேறிவிடும்.

“எல்லாரும் ஆர்வமா இருக்கணும். கேள்வியாக் கேளுங்க,” என்று ஒவ்வொருவர் பக்கமாகப் போய் முணுமுணுத்தார்.

கேட்டார்கள். ஓட்டுநரின் மனைவி எறும்பு எங்கே தூங்கும் என்று கேட்டாள். தையல்காரர் இலைக்கு இலை நின்று பெயர் கேட்டார். பல் டாக்டர் தன் தொழிலுக்குத் தகுந்தபடி, “நத்தைக்குப் பல் உண்டா?” என்றார்.

“உண்டே. ஆயிரக்கணக்குல,” என்றாள் ஓவிய ஆசிரியை.

“ஆயிரக்கணக்குலயா!” டாக்டர் நத்தைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. நடை நகரவில்லை. குடைக்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

கடைக்காரர் பதறிப்போய், “கேள்வி போதும், நிறுத்துங்க,” என்று சைகை காட்டினார். உடனே எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கூட்டம் துக்க வீட்டுக்குப் போவதுபோல் கால்வாயோரம் நடந்தது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தபால்காரர் திடீரென்று கையை நீட்டினார்.

“ஆஹா! என்ன அழகான கொக்கு!”

எல்லோரும் திரும்பினார்கள். கம்பிவேலியில் ஏதோ வெள்ளையாகப் படபடத்தது.

“அது பாலிதீன் பைங்க,” என்றாள் குடைக்காரம்மா.

“பைக்குப் பின்னால நின்னுச்சு!” கடைக்காரர் முந்திக்கொண்டார். “இப்பத்தான் பறந்துபோச்சு. நானே பாத்தேன்.”

“நானும் பாத்தேன்,” என்றார் தையல்காரர், விசுவாசமாக.

“ரெண்டு கொக்கு,” என்றார் ஓட்டுநர்.

“கூடவே ஒரு குஞ்சு,” என்றாள் அவர் மனைவி.

ஓவிய ஆசிரியை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “அடடா, எனக்கு மட்டும் குடுத்துவைக்கல. சரி, மறக்கறதுக்குள்ள அந்தக் கொக்கை வரைஞ்சிடுங்க.” பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி எல்லோரும் உட்கார்ந்து வரைந்தார்கள். தையல்காரரின் கொக்குக்குக் காலரும் பொத்தானும் இருந்தன. டாக்டருடையது பல்வரிசை தெரியச் சிரித்தது. ஓட்டுநரின் கொக்கு நான்கு காலில் சாலையைக் கடந்தது. தபால்காரரின் கொக்கு பாதி தாளிலும் பாதி பாறையிலும் கிடந்தது. குடைக்காரம்மா மட்டும் பாலிதீன் பையை அச்சு அசலாக வரைந்திருந்தாள்.

கடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது.

ஆனால் காதில் விழுந்தது சிரிப்பு. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வர அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. மற்றவர்களும் சிரித்தார்கள்.

“போதும், வாங்க. இப்ப நிஜமா இருக்கறது ஒண்ணைப் பாப்போம்,” என்று ஈரமான மதிற்சுவர் ஒன்றின் அருகே அழைத்துப்போனாள். தினமும் அந்த வழியாக பஸ் ஓட்டுகிறவர் ஓட்டுநர். அந்தச் சுவரில் அத்தனை பச்சை இருந்ததை இன்றுதான் பார்த்தார். தையல்காரர் பாசியை விரலால் வருடினார்.

“வெல்வெட்டுங்க! இந்த மெதுமெதுப்பு என் கடைத்துணியில இல்ல.”

தபால்காரரின் கையைப் பிடித்து அவள் சுவரில் வைத்தாள். அவர் விரல்களை மெல்ல நகர்த்திப் பார்த்தார். “இது எனக்கு நல்லாத் தெரியுதும்மா,” என்றார். அப்போது யாரும் நடிக்கவில்லை.

கிளம்பும்போது தையல்காரர் கைகூப்பினார். “அடுத்த வாரமும் வர்றோம்மா. எங்க வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றேன்.”

“மழையோ வெயிலோ, ஒரு ஞாயிறுகூட விடக் கூடாது,” என்றார் டாக்டர்.

“ஒரு ஞாயிறுகூடவா?” என்றாள் மனைவி. அவள் கண்கள் குளமாயின.

ஆனந்தக் கண்ணீர்! கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. தான் இன்னார் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பதையே மறந்து, “வருஷம் முழுக்க நடத்துவா! அதுக்கு நான் பொறுப்பு!” என்று உரக்க அறிவித்தார்.

கூட்டம் கலைந்தது. மனைவி தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். குடையை மடக்கிக்கொண்டு அந்த அம்மாள் கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், அதான் இவ்வளவு கூட்டம் வந்துடுச்சே, இனிமே நான் வர வேண்டியதில்லையே? நான் உங்க மிஸஸ் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். ‘எனக்கு ஞாயித்துக்கிழமையாவது நல்லாத் தூங்கணும், ஆனா யாரும் வராம இந்த நடை நின்னுபோச்சுன்னா பாவம், என் வீட்டுக்காரர் மனசு ஒடைஞ்சிடுவார், ஒப்புக்காவது ஒரு வாரம் வா’ன்னு காலில விழாத குறையாக் கூப்பிட்டாங்க!”