பங்க் தட்டுக்குப் பட்டு உறை

பொருள்களை வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வாங்கித் தொலைக்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், வாங்கிப் பாதுகாக்கிறவர் என்று ஒரு ரகம் உண்டு. புணேயில் பழைய சாமான் சந்தை கூடும் நாட்களில், வெயில் ஏறும் முன்பே வந்து, துருப்பிடித்த பூட்டுகளுக்கும் ஜோடி இழந்த செருப்புகளுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, ஓர் இசைத்தட்டைச் சூரியனுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற நடுவயதுக்காரரைக் கண்டிருக்கிறீர்களா? அவர்தான். பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

எனக்குத் தெரிந்தவர் பெயர் சேஷு. என் கணவர் விச்சுவின் சிநேகிதர். ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை, சிஞ்ச்வட்டில் ஃப்ளாட், ஃப்ளாட்டில் ஓர் அறை, அறை முழுக்க பிரிட்டிஷ் பங்க் ராக் தட்டுகள். பங்க் என்றால் பெட்ரோல் பங்க் இல்லை. மாப்பிள்ளைக்கு பங்க்தான் உயிர் என்று யாரோ சொல்லப்போய், விச்சுவுக்கு நாசிக் ரோட்டில் ஒன்று இருப்பதாக நினைத்துத்தான் என் அப்பா கல்யாணத்துக்கே சம்மதித்தார். இது வேறு. காதில் ஊக்கைக் குத்திக்கொண்டு, சட்டையை வேண்டுமென்றே கிழித்துவிட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் உடை, எதையும் மிச்சம் வைக்காதே என்று லண்டன் பையன்கள் ஒரு காலத்தில் தொண்டை கிழியக் கத்திய சங்கீதம்.

அப்படிக் கத்தியவர்களின் தட்டை நம்மவர் எப்படி வைத்திருக்கிறார்? உள்ளே மெல்லிய தாள் உறை. அதன் மேல் அட்டை உறை. அதன் மேல் பிளாஸ்டிக் உறை. ரொம்பவும் பிரியமான தட்டுகளுக்கு, மனைவி ஸ்ரீரஞ்சனியின் பழைய பட்டுப்புடவையைக் கிழித்துத் தைத்த பை. அந்த வீட்டில் அந்த சங்கீதத்துக்காகக் கிழிந்தது அது ஒன்றுதான்.

இவர்களுக்குத் தனி பாஷை உண்டு. ‘மின்ட்’ என்றால் யாரும் தொடாதது. ‘வெரி குட்’ என்றால் சுமார். ‘குட்’ என்றால் தூக்கிப் போட வேண்டியது. முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு விச்சு படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ‘ஸ்டேபிள்’ என்று தினமும் சொன்னார்கள். அதையும் இந்த அகராதியில் பார்த்திருக்க வேண்டும்.

தட்டுகளைக் கேட்பாரா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கேட்டால் தேய்ந்துவிடாதா? அதே பாட்டுகளை கம்பெனி வண்டியில் போகும்போது, மொபைலில், காதில் சொருகிக்கொண்டு கேட்பார். வீட்டில் இருப்பது வைத்திருப்பதற்கு.

விச்சுவும் அதே சந்தைக்கு அவரோடு போனவர்தான். ஆனால் வாங்கியது ஒரே ஒரு தட்டு. அட்டையில் யாரோ ஒரு குல்கர்ணி மராத்தியில் பெயர் எழுதிவைத்திருந்த, மூலை நைந்த, கீறல் விழுந்த தட்டு. அதை ஞாயிறு தவறாமல் போடுவார். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் பாடகன் ‘நோ’ என்று கத்துவான். அங்கே ஊசி மாட்டிக்கொள்ளும். நோ, நோ, நோ, நோ. விச்சு சோபாவிலிருந்து எழுந்து தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். பிளேயர் வைத்திருந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அது ஆடும், ஊசி நகரும், பாட்டு மேலே போகும். கீழ் வீட்டு ஜோஷி மாமா துடைப்பக் கட்டையால் பதிலுக்கு ஒரு இடி இடிப்பார். அத்தனையும் சேர்ந்துதான் எனக்கு அந்தப் பாட்டு.

விச்சு போன பிறகு எங்கள் பிளேயரும் சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. அந்த ‘நோ’வை ஒரு தரம் கேட்க வேண்டும் போலிருந்தது. தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சிஞ்ச்வட் போனேன்.

“மன்னி! துணிப்பையிலயா?” என்று சேஷு பதறினார். நான் சௌக்கியமா என்று விசாரிக்க அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். லென்ஸை எடுத்தார். தட்டின் நடுவே பொறித்திருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு, ஜாதகம் பொருந்தாத மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

“முதல் பிரஸ்ஸிங் இல்ல மன்னி, பின்னாடி அச்சடிச்சது. கவர்ல வேற பேனா. இது ‘குட்’கூட இல்ல.”

“இருக்கட்டும். ஒரு தரம் போடுங்கோ, போதும்.”

“இந்தக் கீறல்ல ஓடினா என் ஊசி என்னத்துக்கு ஆகும்? ஜப்பான்லேர்ந்து வந்தது. ஒண்ணு பண்றேன். எங்கிட்ட இதே ஆல்பம் இன்னொண்ணு இருக்கு. சீல் பிரிக்காதது. நீங்களே எடுத்துக்கோங்கோ.”

சொல்லிவிட்டு எச்சில் விழுங்கினார். இந்த ரகத்துக்காரர் சீல் பிரிக்காத தட்டைக் கொடுப்பது சிறுநீரகத்தைக் கொடுப்பதற்குச் சமம். அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள்.

“அது அந்த இடத்துல நிக்குமா?” என்றேன்.

“எந்த இடத்துல?”

“நோ, நோன்னு.”

“சேச்சே, நிக்கவே நிக்காது!”

“அப்ப வேண்டாம்.”

அவர் தளரவில்லை. “சரி, இதையே விட்டுட்டுப் போங்கோ. லென்ஸ் வெச்சுண்டு, பல் குத்தற குச்சியால அந்தக் கீறல நீவி விட்டுடறேன். அரை மணி வேலை. அப்பறம் ஜென்மத்துக்கும் நிக்காது.” மேஜை மேலிருந்த டப்பாவிலிருந்து ஒரு குச்சியை எடுத்தே விட்டார்.

விச்சு மிதித்து மிதித்துக் கடந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான் பாக்கி இருக்கிறது. அதற்கு மேலே குச்சி.

காபியோடு வந்த ஸ்ரீரஞ்சனி என் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை ஆகக் கூடாத இடத்தில், அதாவது ஆம்ப்ளிஃபையர் மேலேயே வைத்தாள்.

“இவர் ரெக்கார்டெல்லாம் கொலு பொம்மை மாதிரி மன்னி. இறக்குவார், தொடைப்பார், திருப்பி ஏத்துவார். சுண்டல்கூடக் கிடையாது. நகருங்கோன்னா.” தட்டை அவர் கையிலிருந்து வாங்கி, கையுறை இல்லாமல், விரல் முழுக்கப் பதியப் பிடித்து, சுழலவிட்டு, ஊசியை இறக்கினாள். சேஷு கண்ணை மூடிக்கொண்டார்.

கரகரப்பு. கிடார். கூச்சல். அப்புறம் அந்த இடம். நோ, நோ, நோ, நோ.

சேஷு பாய்ந்து ஊசியைத் தூக்கப் போனார். கை பாதியில் நின்றது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை எங்கள் சோபாவில் உட்கார்ந்தவர். ஊசி ஓடும்போது அந்த அறையில் யாரும் செருப்புப் போட்டு நடந்தாலே சத்தம் போடுகிற மனிதர், சாக்ஸ் போட்ட காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தார்.

ஊசி நகரவில்லை. அதிர்வே படக் கூடாதென்று பிளேயரைக் கருங்கல் பலகை மேல், ரப்பர் கால் வைத்து நிறுத்தியவர் அவர்தானே? மறுபடி மிதித்தார். ஸ்ரீரஞ்சனியும் மிதித்தாள். நானும் புடவையைத் தூக்கிக்கொண்டு மிதித்தேன். மூன்று பேரும் சேர்ந்து விட்ட ஒரு மிதியில் ஆம்ப்ளிஃபையர் மேலிருந்த காபி கவிழ்ந்தது. ஊசி நகர்ந்தது. பாட்டு மேலே போயிற்று.

இன்டர்காம் அடித்தது. ஸ்ரீரஞ்சனி எடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “வாட்ச்மேன். எதை உடைக்கறேள்னு கீழ் வீட்ல கேக்கறாளாம்.”

அந்த லண்டன் பையன்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சேஷு காபியைத் துடைக்கவில்லை. மூக்கைத்தான் துடைத்துக்கொண்டார், வெள்ளைக் கையுறையாலேயே.

நல்லவேளை, நாம் இந்த ரகமில்லை என்று சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறதா? எந்தப் பொத்தான் எதற்கென்றே தெரியாத அளவு உறை மங்கியிருக்கிறதா? விருந்தாளிக்கென்று வைத்த கண்ணாடி டம்ளர்களில் இதுவரை எந்த விருந்தாளி தண்ணீர் குடித்தார்?

நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. எங்கள் அலமாரியில் விச்சுவின் ரெயின்கோட் சலவைக் கடை உறையோடு அப்படியே தொங்குகிறது. புணேயில் மழை பிடித்துவிட்டது. ஓட்டைக் குடையில் தினம் நனைந்துகொண்டே வீடு வந்து சேருகிறேன்.

நீங்கள் ரிமோட்டை எடுங்கள். நான் ரெயின்கோட்டை எடுக்கிறேன்.