பொருத்தம் அக்கா பார்த்த பன்னிரண்டு வோல்ட் மாப்பிள்ளை

பினாங்கில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடித்துவிடலாம், பழைய சாமானுக்கு அடாப்டர் பிடிக்க முடியாது. இரண்டையும் செய்யத் தெரிந்த ஒரே மனிதப் பிறவி, ஜார்ஜ் டவுனில் எங்கள் ஃபிளாட்டின் ஆறாவது மாடியில் குடியிருக்கும் பொருத்தம் அக்காதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அக்காவின் சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். ஒரு காலத்தில் நிபோங் திபாலிலிருந்து தாசேக் கெலுகோர் வரை கல்யாணத் தரகு பார்த்தவர். பிள்ளைகள் கைப்பேசியிலேயே ஜோடி தேட ஆரம்பித்ததும் அடாப்டர் பக்கம் திரும்பிவிட்டார். ஃபிளாட்டில் எந்தச் சாமான் செத்தாலும் அதன் அடாப்டர் அக்காவின் பிஸ்கட் டின்னுக்குப் போய்விடும். ஒவ்வொன்றின் கழுத்திலும் பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய சீட்டு தொங்கும். 'ஒன்பது வோல்ட். சாது.' 'ஐந்து வோல்ட். சீக்கிரம் சூடாவான்.' 'இரண்டு வீட்டிலிருந்து திரும்பி வந்தவன். யோசித்துக் கொடுக்கவும்.'

நாலாம் மாடி முருகையா ஒருமுறை கேட்காமல் ஒன்றை எடுத்துப்போய் ரேடியோவில் மாட்டினார். ரேடியோ பாதி பக்திப் பாடலோடு அடங்கிவிட்டது. "சொல்லாம கொள்ளாம கட்டி வச்சா இப்படித்தான்லா ஆவும்," என்ற அக்கா, துக்க வீட்டுக்குப் போவதுபோல் போய் ரேடியோவைப் பார்த்துவிட்டு வந்தார்.

அக்காவிடம் ஒரே ஒரு கட்டுப்பாடு. ஏழு மணி முதல் ஒன்பது வரை சீரியல். அந்த நேரத்தில் கதவு திறக்காது. தீயணைப்புக்காரர்கள் பயிற்சிக்கு வந்து எல்லாரையும் கீழே இறங்கச் சொன்னபோதுகூட, உள்ளேயிருந்து "விளம்பரத்துல வரேன்" என்றுதான் பதில் வந்தது.

அப்படிப்பட்டவரிடம் போன நவராத்திரியில் நான் மாட்டினேன். என் மகள் யாழினி அன்று எட்டு மணிக்குக் கோயில் மேடையில் முதன்முதலாகக் கீபோர்டு வாசிக்க வேண்டும். மத்தியானம் அடாப்டர் புகைந்து செத்தது. பேட்டரியில் ஓடும் வகையும் இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். ஒரு கடையில் வோல்ட் சரி, முனை நுழையவில்லை. இன்னொரு கடையில் முனை நுழைந்தது, வோல்ட் சரியில்லை. மூன்றாவது கடைக்காரர் அடுத்த வாரம் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்தால், பட்டுப்பாவாடையோடு யாழினி சத்தம் வராத கீபோர்டில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஏழுக்குச் சற்று முன்பு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, கீபோர்டுக்கு ஒரு அடாப்டர் வேணும்."

"பொண்ணு எங்க?"

"கோயிலுக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கா."

"உன் மவ இல்ல தம்பி, கீபோர்டு. பொண்ண காட்டாம மாப்பிள்ள கேட்டா எப்படிலா?"

லிஃப்ட் ரோசாக், ஓடவில்லை. இரண்டாம் மாடியிலிருந்து கீபோர்டைத் தோளில் சுமந்து ஏறி வந்தேன். அக்கா கண்ணாடியை மாட்டி அதன் முதுகைப் படித்தார்.

"பன்னெண்டு வோல்ட்டு. அது கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ஆம்பியரு சம்பளம் மாதிரி, மாப்பிள்ளைக்குக் கூட இருந்தா நல்லதுதான். உள்ள பிளஸ், வெளிய மைனஸ். அது கொணம். கொணம் மாறுனா பொண்ணு போயிடும்."

டின்கள் திறந்தன. ஒருவனுக்குச் சம்பளம் குறைவு. ஒருவனுக்குத் தலை பெரிசு. எல்லாம் பொருந்திய ஒருவனுக்குக் குணம் தலைகீழ். அதற்குள் உள்ளே சீரியல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. இனிக் கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன்.

அக்கா கீபோர்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இங்கியே நில்லு. ஒரு எடத்துல கேட்டுட்டு வரேன்," என்று உள்ளே போனார். பாட்டு பாதியில் நின்றது. அவர் கொண்டுவந்த அடாப்டரின் கழுத்தில் சீட்டு இல்லை.

"சூடா இருக்கே அக்கா."

"வேலையிலேர்ந்து நேரா வரான். கேள்வி கேக்காம மாட்டு."

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறாம் மாடி நடையில் நான் குதித்த குதியை முருகையா இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்.

யாழினி வாசித்தாள். ஓர் இடத்தில் தடுமாறி, சமாளித்து, முடித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை. முன்வரிசையில் பட்டுச்சேலையில் பொருத்தம் அக்கா.

"சீரியல் பாக்கலையா அக்கா?"

"கட்டிக் குடுத்த எடத்துல எப்படி இருக்காங்கன்னு பாக்க வேணாமா?"

மறுநாள் சுண்டலோடு போனபோதுதான் கண்டேன். அக்காவின் டிவிக்குச் சேனல் தரும் பெட்டி விளக்கில்லாமல், அடாப்டரில்லாமல் கிடந்தது. புதிதாக ஓர் அடாப்டரை வரவழைத்துக் கொடுத்தேன். "புதுப் பையன், விசாரிக்கணும்," என்று டின்னுக்குள் போட்டார். பழையதையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

"வீட்டோட மாப்பிள்ளையா போனவன திருப்பிக் கூப்புட்டா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

விசாரணை இன்னும் முடியவில்லை. தினமும் ஏழு மணிக்கு எங்கள் வீட்டுச் சோபாவில்தான் அக்காவின் சீரியல். நான் நிம்மதியாகச் செய்தி பார்த்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் ஏழடிக்கப் போகிறதென்றால், யாரும் சொல்லாமலே எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன்.