தினைக்காரரும் மழைப் பரிகாரமும்

அன்று உப்பளத்து வரப்பில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: உப்பள முதலாளி, அவருடைய ஜோசியர், உப்பு வாரும் பெண்கள் ஒரு வரிசை, வரப்போரம் இட்லிக் கடை போட்டிருக்கிற நான், இன்ஜின் ஓட்டுகிற தினைக்காரர். கடைசியில் வந்து சேர்ந்தவர் அவருடைய மனைவி. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இட்லிக் கடைக்காரிக்குக் கோர்ட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். போலீஸ், பாங்க், மஞ்சள் கவரில் வருகிற தபால் எல்லாமே எனக்குப் பயம். எதற்கும் இருக்கட்டும் என்று சாட்சிகளை முன்னாலேயே சொல்லி வைத்துவிடுகிறேன்.

என் பயத்தில் வீசம் பங்குகூட அந்த மனுஷருக்குக் கிடையாது. மரக்காணம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், மழையோடும் முதலாளியோடும் சனி பகவானோடும் ஒரே பகலில் மல்லுக்கு நின்ற ஆள் தினைக்காரர் ஒருத்தர்தான். அதுவும் யாருக்காக? உள்ளங்கைக்குள் அடங்கிப்போகிற லவ் பேர்ட்ஸ் குருவிகளுக்காக.

உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற டீசல் இன்ஜினை ஓட்டுவதுதான் அவர் வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது. மளிகைக் கடைக்குப் போனால் வீட்டுக்கு அரிசி வாங்குவதற்கு முன்னால் குருவிக்குத் தினை வாங்குவார். சும்மா வாங்க மாட்டார். உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, நாலைத் தன் வாயில் போட்டுக் கடித்து, "பழசு. மக்கல் வாடை அடிக்குது, வேற மூட்டையப் பிரி" என்பார். கடைக்காரர் ஒருநாள், "ஏம்பா, ரேஷன் அரிசியில புழு நெளிஞ்சாலும் வாய மூடிக்கினு வாங்கிட்டுப் போற. இதுக்கு இவ்ளோ நோட்டமா?" என்றார். "நான் புழுவப் பொறுக்கிப் போட்டுட்டுத் துன்னுவேன். அதுங்களுக்குக் கை இருக்குதா?" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவர் தினைக்காரர்.

குருவிகளுக்கு உப்பு ஆகாது. இது ஒன்று போதும், அவரைப் பைத்தியக்காரர் ஆக்குவதற்கு. எங்கள் ஊரில் காற்றை நக்கினால் கரிக்கும். உப்பு வாரிவிட்டு வருகிறவர்களின் காலில், புடவைக் கரையில், காது மடலில் எல்லாம் உப்புப் பூத்திருக்கும். ஆனால் தினைக்காரர் வீட்டு வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீர். கை கால் கழுவாமல் ஒரு ஈ உள்ளே போகக் கூடாது. அவர் வீட்டு உப்பு ஜாடிகூடக் கொல்லைப்புறத்து மதில்மேல்தான் குடியிருந்தது. ரசம் கொதிக்கும்போது அண்ணி, அதாவது அவர் மனைவி, கொல்லைக்கு ஓடிப்போய் ஒரு கை அள்ளிக்கொண்டு ஓடிவருவார்.

"தாலி கட்டின அன்னிக்குக்கூட இந்த ஆளு இப்டித் தேய்ச்சுக் குளிச்சதில்ல. இப்போ குருவியத் தொடறதுக்கு முன்னாடி சோப்பு போடறாரு" என்று அண்ணி அலுத்துக்கொள்வார். கூண்டுக்கு ராத்திரி போர்வை எது தெரியுமா? அண்ணியின் கல்யாணப் புடவை. "அதுதான் உள்ள வெளிச்சம் விடாம கெட்டியா இருக்குது" என்றாராம்.

கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் ஓட்டைப் பொறுக்கி வருவார். குருவிகள் அதைக் கொத்தினால் எலும்புக்குப் பலம். அதையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு போன பிறகுதான் கூண்டுக் கம்பியில் செருகுவார். மீன் விற்க வருகிற பெண்கள் சிரிப்பார்கள்: "உப்புத் தண்ணியில இருந்து உப்ப எடுத்தா கூலி உண்டு. ஓட்டுல இருந்து உப்ப எடுத்தா உனக்கு யாருய்யா கூலி தருவா?"

அம்மன் கோயில் திருவிழாவில் மைக் செட்டுக்காரர் ஒலிபெருக்கிப் புனலை அவர் வீட்டைப் பார்த்துக் கட்டிவிட்டார். கூண்டுக்குள் குருவிகள் முட்டையிடக் கட்டிவைத்த பானையில் முட்டை இருந்த நேரம். தினைக்காரர் தென்னை மரத்தில் ஏறிப் புனலைத் தெற்கே திருப்பினார். கமிட்டி ஆட்கள் வடக்கே திருப்பினார்கள். மறுபடியும் ஏறினார். "அம்மன் பாட்டு உனக்கு ஆகாதா?" என்று கேட்டதற்கு, "அம்மனுக்குப் பாடறீங்கன்னா கோயிலப் பாத்துக் கட்டுங்க. எங்க வீட்டுல அம்மன் இல்ல, முட்டைதான் இருக்குது" என்றார். கடைசி நாள்வரை புனல் கோயிலைப் பார்த்தே பாடியது. பூசாரிக்குத்தான் ஒரு வாரம் காது கேட்கவில்லை.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில்தான் அந்தக் கோடை மழை வந்தது.

உப்பு விளைகிற வெயில் காலத்தில் மழை பெய்தால் எங்களுக்கு அது மழை இல்லை, இழவு. பாத்தியில் பூத்து நிற்கிற உப்பு கரைந்து போகும். வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அந்த வருஷம் விட்டு விட்டுப் பெய்து எல்லாரையும் அழ வைத்தது. முதலாளி ஜோசியரிடம் போனார். சனி உச்சத்தில் இருக்கிறார், கூண்டுப் பறவைகளை உப்பளத்திலேயே திறந்து விட்டால் மழை ஒதுங்கும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார்.

மறுநாள் முதலாளியின் கார் எங்கள் தெருவில் வந்து நின்றது. நான் எதிரே என் வீட்டு வாசலில் துணியைப் பிழிந்தபடி, என் கடைக்குத்தான் ஏதோ ஆபத்து என்று பயந்துகொண்டிருந்தேன். தினைக்காரர் வெளியே வந்து கும்பிட்டார்.

"வாங்க முதலாளி. காலக் கழுவிட்டு வாங்க."

முதலாளி வாளியைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தேன். காரியம் ஆக வேண்டுமே என்று அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவினார்.

"குதிகால விட்டுட்டீங்க" என்றார் தினைக்காரர்.

உள்ளே போனதும் முதலாளி என் வாசல்வரை கேட்கிற குரலில் விஷயத்தைச் சொன்னார். "இன்னா விலைன்னாலும் தர்றேம்பா. எல்லாத்தையும் குடுத்துடு."

"வளக்கறதுக்குன்னா சும்மாவே தர்றேன். தொறந்து விடறதுக்குன்னா ஒண்ணுகூடக் கெடையாது."

"விடுதலைதானேப்பா குடுக்கறோம்? புண்ணியம்தானே?"

"இது கூண்டுலயே பொறந்து கூண்டுலயே வளர்ந்தது. உங்க பேரப்புள்ளய நடுக்கடல்ல எறக்கி விட்டுட்டு, 'போடா கண்ணு, உனக்கு விடுதலை'ன்னு சொல்வீங்களா?"

கார்க் கதவு சாத்தின சத்தத்தில் குருவிகளெல்லாம் ஒரே நேரத்தில் கத்தின.

உப்பு வாரும் பெண்களுக்கு அவர்மேல் கோபம். "அண்ணே, எங்க அடுப்பு அணைஞ்சு கெடக்குது. உனுக்குக் குருவி பெருசாப் போச்சா?" என்று என் கடையிலேயே மடக்கினார்கள். "குருவிய விட்டா மழ நிக்கும்னா, வானிலை ஆபீசுல ஏம்மா மிஷின் வெச்சிருக்கான்? கூண்டு வெச்சுக்க மாட்டானா?" என்று இட்லியைப் பிட்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பசி நேரத்தில் யாருக்குச் சிரிப்பு வரும்?

முதலாளி விடவில்லை. பாண்டிக்கு ஆள் அனுப்பி ஒரு அட்டைப்பெட்டி நிறைய லவ் பேர்ட்ஸ் வாங்கி வரச் சொன்னார். முதலில் சொன்னேனே, அந்த நாள் இதுதான். நல்ல உச்சி வெயில். ஜோசியர் கற்பூரம் காட்டினார். முதலாளி பெட்டியைத் திறந்தார்.

பச்சை, மஞ்சள், நீலம் என்று கலர் மிட்டாய் இறைத்த மாதிரி கிளம்பின. கிளம்பி எங்கே போவது? கொஞ்ச தூரம் தத்திப் பறந்து, உப்புக் குவியல்மேலும் வரப்பிலும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தன. காக்காய் கூடிவிட்டது. மேலே ஒரு பருந்து வட்டம் போட்டது. தாகம் தாளாமல் இரண்டு குருவிகள் பாத்தித் தண்ணீரில் அலகை வைத்தன.

படபடவென்று ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சத்தம் நின்றது.

தினைக்காரர் ஓடிவந்தார். வரப்பில் அல்ல, பாத்திக்குள்ளேயே. மழைக்குத் தப்பிப் பூத்திருந்த உப்பை மிதித்துக்கொண்டு, துண்டை வீசிக் காக்காயை விரட்டிக்கொண்டு ஓடிவந்தார். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"டேய்! பாத்திய மிதிக்காதடா!" முதலாளி கத்தினார். "குருவி மேல கைய வெச்ச, நாளையில இருந்து நீ இன்ஜின் பக்கம் வரக் கூடாது!"

தினைக்காரர் நின்றார். இடுப்பில் செருகியிருந்த இன்ஜின் ஹேண்டிலை உருவினார். முதலாளி காலடியில் வைத்தார்.

"நாளைக்கு எதுக்கு? இன்னியிலருந்தே வரல."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நல்ல தண்ணி!"

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏம்மா, உன் கடை யார் எடத்துல இருக்குது?" அவர் முகத்தைப் பார்க்காமலே குடத்தைச் சாய்த்தேன். இட்லித் தட்டுகளில் ஊற்றி வரப்பு நெடுக வைத்தேன். பாதித் தண்ணீர் என் புடவையில்தான் போயிற்று.

ஆனாலும் குருவிகள் பயத்தில் அவர் கைக்கு அகப்படவில்லை. அப்போதுதான் தூரத்து வரப்பில் ஒரு கல்யாணப் புடவை வருவது தெரிந்தது. பெட்டி வந்த சேதி தெருவுக்கு எட்டியிருக்க வேண்டும்: அண்ணி, தலைமேல் கூண்டு, கூண்டுமேல் புடவை. வந்து இறக்கிப் புடவையை உருவினார். வீட்டுக் குருவிகள் ஒரே சத்தமாகக் கூப்பிட்டன. உப்புக் குவியலில் இருந்தவை பதில் கொடுத்தன. ஒவ்வொன்றாகத் தத்தி வந்து கூண்டுமேலேயே ஒட்டிக்கொண்டன. தினைக்காரர் பூப்பறிக்கிற மாதிரி எடுத்து என் இட்லிக் கூடைக்குள் விட்டார்.

"பரிகாரம் கெட்டுப்போச்சு!" என்றார் ஜோசியர்.

அண்ணி இடுப்பில் கையை வைத்தார். "காசு குடுத்து வாங்கியாந்து காக்காக்குப் போடறதுக்குப் பேரு பரிகாரமாய்யா? உன் சனி வாழறதுக்கு இதுங்க சாவணுமா? அந்தச் சனிய என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன்!"

ஒரு பச்சைக் குருவியை மட்டும் பருந்து கொண்டுபோய்விட்டது. அன்று முழுக்கத் தினைக்காரர் சோறு தொடவில்லை.

மழை இரண்டு நாள் பெய்தது. ஜோசியர், தினைக்காரரால்தான் என்றார். பிறகு வெயில் வெளுத்து வாங்கியது. அதற்கு ஜோசியர், தன்னால்தான் என்றார். என் கடையை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஒருவேளை சொல்ல மறந்திருப்பார்களோ என்று இன்னும் கவலையாக இருக்கிறது.

சீசன் சூடு பிடித்ததும் முதலாளி ஆள் அனுப்பினார், வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி. "வர்றேன். முதல்ல மன்னிப்பு கேக்கச் சொல்லு" என்றார் தினைக்காரர்.

வந்தவன் மிரண்டுபோனான். "உன்கிட்டயா? முதலாளியா?"

"என்கிட்ட எதுக்கு? குருவிங்ககிட்ட."

முதலாளி கேட்கவில்லை. இவரும் போகவில்லை. இப்போது ஆரோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். விடியற்காலை பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்பி வருவார். எனக்கு அவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் அந்த பஸ் கொஞ்சம் தாமதமானால், அடுப்பில் வெந்துகொண்டிருப்பது இட்லியா சுண்டலா என்றுகூட எனக்குத் தெரிவதில்லை.