பாலை மரத்தடியில் நான் பிடிபட்ட கதை

கலியாணமாகாத ஒரு பெண் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக, தனியாக நடந்து போனால் அதற்குக் காரணம் ஓர் ஆண் என்பது எல்லா ஊர்களுக்கும் தெரிந்த விசயம். அந்த ஆணுக்குச் சிறகு இருக்கலாம் என்பது மட்டும் எந்த ஊருக்கும் தோன்றுவதில்லை. இந்தச் சின்னக் குறைபாட்டால் என் மானம், என் உத்தியோகம், அப்பாவின் லீவு எல்லாம் ஒரு மாலைப்பொழுதில் ஒரே மரத்தடிக்கு வந்து சேர்ந்தன.

எழுபதுகளின் கடைசியில், நெடுங்கேணிக்கு அப்பால் காட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு விஞ்ஞான ரீச்சராக நியமனம் கிடைத்தது. பருத்தித்துறைப் பக்கம் பிறந்து வளர்ந்த நான் அதுவரை நேரில் பார்த்திருந்த விலங்குகள் ஆடு, மாடு, நாய். பறவை என்றால் காகம். (கோழியையும் சேர்த்திருப்பேன், ஆனால் அது எனக்குக் குழம்பாகத்தான் கூடுதல் பழக்கம்.) இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு விலங்கியலை மிகுந்த அதிகாரத்தோடு படிப்பித்தேன். கரும்பலகையில் நான் கீறிய கழுகைப் பிள்ளைகள் குளத்துத் தாரா என்று கொப்பியில் குறித்துக்கொண்டார்கள்.

நான் தங்கியிருந்தது மங்கையக்கா வீட்டில். அவருடைய கணவர் செல்லையாண்ணை நல்ல மனுசர், வயல் செய்கிற கமக்காரர். அவரிடம் ஒரு வேட்டைத் துவக்கு இருந்தது. காட்டில் ஓடுவதையும் பறப்பதையும் அவர் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: கறிக்கு ஆகும், கறிக்கு ஆகாது. என்னுடைய பாடத்தைவிட அது விளக்கமாக இருந்தது என்பதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அது பாலைப்பழக் காலம். பள்ளி விட்டதும் பின்னால் இருந்த காட்டோரத்துக்குப் போய்ப் பழம் பொறுக்குவேன். பாலைப்பழம் தின்னாதவர்களுக்கு ஒரு விளக்கம்: தேன் போல இனிக்கும், நாலைந்து தின்றதும் அதன் பால் இரண்டு உதடுகளையும் சேர்த்து ஒட்டிவிடும். அப்படி வாய் ஒட்டியபடி நின்ற ஒருநாள், தலைக்கு மேல் சுளகால் புடைப்பதுபோல ஒரு பெரிய இரைச்சல். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை, சொண்டுக்கு மேல் இன்னொரு சொண்டு வைத்ததுபோல ஒரு முகம், ஒரு கிழட்டுப் பாலை மரத்தில் வந்து குந்தியது. மரத்தில் மண் பூசினதுபோல ஒரு திட்டு. அதன் நடுவே ஒரு கீறல். பறவை தொண்டைக்குள்ளிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கீறலுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து இன்னொரு சொண்டு வந்து வாங்கிக்கொண்டது. பிறகு அடுத்த பழம். பிறகு அதற்கடுத்தது.

நான் மரம்போல நின்றேன். வீட்டுக்கு ஓடிவந்து புத்தகத்தைப் புரட்டினேன். இருவாய்க்குருவி. பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளுமாம். குஞ்சு வளரும்வரை ஆண்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். ஆண் செத்துப்போனால் உள்ளே இருப்பவர்களுக்கு அநேகமாகப் பட்டினிதான். இந்த வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர்ச்சுவரில் செல்லையாண்ணையின் துவக்கு தொங்கியது. யாருக்கும் வாய் திறப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் போனேன். எங்கே போகிறீர்கள் என்று மங்கையக்கா கேட்டால், கோயிலுக்கு என்பேன். (கோயில் மற்றப் பக்கம்.) பிள்ளைகளின் வீடு பார்க்க என்பேன். (அந்தப் பக்கம் குடியிருந்தவை குரங்குகள் மட்டுமே.) பாலைப்பழத்துக்குக் கரடி வரும் என்று பிள்ளைகள் பயமுறுத்தியதால் பள்ளிக்கூடத்துக் கைமணியை முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றி ஹான்ட்பாக்கில் ஒளித்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது சேலைக் கரையெல்லாம் முள், தலையில் சருகு, கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல முடியாதபடி உதடு ஒட்டியிருக்கும். போதாக்குறைக்கு முகம் நிறையச் சந்தோசம்.

பிறகு மங்கையக்கா அப்பாவிடம் சொன்னது இதுதான்: "பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுப்போட்டு வாற ஆருக்கும் முகத்திலை அப்பிடி ஒரு பூரிப்பு வராது, ஐயா. எனக்கு அதிலைதான் விளங்கினது."

அப்பா தபாலதிபர். 'மகள் விசயம். உடனே வரவும்' என்று மங்கையக்கா அடித்த தந்தி அவருடைய தபால் கந்தோருக்கே போய்ச் சேர்ந்தது. அதை எழுதி எடுத்தவர் வாசித்தார், விநியோகிக்கிறவர் வாசித்தார், முத்திரை வாங்க வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஊர் முழுக்க வாசித்து முடித்தபிறகு அது அப்பாவின் மேசைக்கு வந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. அன்றைக்கும் வழக்கம்போலப் பாலை மரத்தடிக்குப் போனேன். அவர் பழத்தோடு வந்து கொப்பில் இருந்தார். (இதற்குள் அவர் எனக்கு 'அவர்' ஆகிவிட்டார்.) நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் பற்றைக்குள் சரசரப்பு. பிறகு ஒரு கனைப்பு. கரடி என்றால் கனைக்காது என்று விலங்கியல் படிப்பித்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மணியை இழுத்தெடுத்து, பள்ளி விடுகிறபோதுகூட அடிக்காத அடி அடித்தேன்.

பற்றைக்குள்ளிருந்து முதலில் ஒரு குடை வந்தது. குடைக்குப் பின்னால் அப்பா. அப்பாவுக்குப் பின்னால் துவக்கோடு செல்லையாண்ணை. கடைசியாக மங்கையக்கா. மணிச் சத்தத்துக்கு அவர் சிறகடித்துக் காட்டுக்குள் மறைந்துவிட்டார்.

"எங்கை அவன்?" என்றார் அப்பா.

"பறந்திட்டார் அப்பா."

அப்பா குடையால் பற்றையைக் குத்திப் பார்த்தார். நான் செல்லையாண்ணையின் தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் மானம் தப்பும். பறந்துபோனவருடைய உயிர் தப்புமா?

"முதல்லை அந்தத் துவக்கை மங்கையக்காவிட்டைக் குடுக்கச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் சொல்லுவன்," என்றேன்.

இதைவிட மோசமான ஒரு வசனத்தை என் ஆயுளில் நான் பேசியதில்லை. அதுவரை அப்பாவின் மனதில் மூலையில் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்திருக்கும். அதுவும் போய், மனுசன் வேரில் குந்திவிட்டார். கொலை விழப்போகிறது என்று பயந்த மங்கையக்கா துவக்கைப் பறித்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மண் பூசிய பொந்து, உள்ளே மனைவி, வெளியே கணவர், பழம். அப்பா அண்ணாந்து பார்த்தார். மேலே தெரிந்தது காய்ந்த ஒரு மண் திட்டு.

"பொய் சொல்லுறதெண்டாலும் கொஞ்சம் பொருத்தமாச் சொல்லு பிள்ளை," என்றார். பிறகு தீர்ப்பும் வந்தது. "பொழுதுபடமுந்தி உன்ரை குருவி வராட்டி, விடிய முதல் பஸ்ஸுக்குப் பெட்டியோடை வெளிக்கிடு. இவ்வளவு நாள் வேலை பாத்ததே காணும்."

எல்லோரும் குந்தினோம். எனக்கு அழுகை வந்தது. அந்த வேலையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் வந்தால்தான் நான் தப்புவேன். வராமல் விட்டால் உள்ளே இருப்பவளுக்கு இரவுச் சாப்பாடு இல்லை. அப்படியொரு மணியை அடித்து வெருட்டியபிறகு எந்த மானமுள்ள பறவை திரும்பி வரும்?

செல்லையாண்ணை மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் மரத்தில் சாய்ந்து நின்றார். பொந்துக்கு நேர் கீழே. பொந்துக்குள் இருப்பவள் வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பவள். கழிவை உள்ளே விடமாட்டாள், கீறலுக்குப் பின்புறத்தை வைத்து வெளியே பீச்சிவிடுவாள். அன்றைக்குப் பீச்சியது செல்லையாண்ணையின் தோளிலும் காதிலும் பழக்கொட்டைகளோடு இறங்கியது. அவர் வானத்தைப் பார்த்து, மழை போலை என்றார்.

"இல்லையண்ணை, வீட்டுக்காரி," என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல்முறையாக மண் திட்டை உண்மையாகவே பார்த்தார்.

வெளிச்சம் மஞ்சளாகி இறங்கும் நேரம் அந்த இரைச்சல் கேட்டது. அவர் தூரத்து வீரை மரத்தில் இருந்து எங்களை நெடுநேரம் ஆராய்ந்தார். பிறகு, இந்தக் கூட்டத்தால் பெரிய ஆபத்தில்லை என்று தீர்மானித்தவர்போல வந்து குந்தி, ஒரு பழத்தைத் தொண்டையிலிருந்து எடுத்து நீட்டினார். உள்ளேயிருந்து சொண்டு வந்தது. அடுத்த பழம். அடுத்தது. அப்பாவின் வாய் ஒவ்வொரு பழத்துக்கும் தானாகத் திறந்து மூடியது.

பறவை போய்விட்டது. முதலில் பேசியது மங்கையக்கா. கணவரைப் பார்த்து, வலு நிதானமாக.

"பாத்தீங்களே. வாசலை அடைச்சுப்போட்டு இருக்கிறவளுக்கே நேரத்துக்குச் சாப்பாடு வருது. இந்தக் காட்டிலையே குடியிருக்கிறன், எனக்கு நீங்கள் ஒரு பாலைப்பழம் பிடுங்கித் தந்ததுண்டோ?"

தோளில் வெள்ளையோடு நின்ற மனுசன் கையால் காதைத் துடைத்துக்கொண்டார். குஞ்சுகள் பறக்கும்வரை அந்தத் துவக்கு நெல்லு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. மங்கையக்கா அதன் மேல் இன்னும் இரண்டு மூட்டையை ஏற்றிவைத்தார்.

விடியக்காலை முதல் பஸ்ஸுக்கு நானும் போகவில்லை, அப்பாவும் போகவில்லை. அடுத்த நாள் பஸ்ஸும் அவருக்குத் தவறிப்போனது. பின்னேரமானால் எனக்கு முன்னால் குடையோடு வாசற் படலையடியில் நிற்பார். தன் கந்தோருக்கு ஒரு தந்தியும் அடித்தார்: 'விசயம் முடியவில்லை. லீவு நீடிக்கவும்.' (அதை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கிறது.)

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போன அப்பா, வாழ்க்கையில் சந்தைப் பையைத் தொட்டறியாத அந்த மனுசன், மாம்பழம் வாங்கி வந்து குசினி யன்னலால், சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒவ்வொன்றாக நீட்டினாராம். மறுநாள் தோடம்பழம். அம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, எனக்குப் பலகாரம் கொண்டுவருகிற சாட்டில் பஸ் ஏறி நெடுங்கேணிக்கு வந்து இறங்கினார். பையைக் கீழே வைக்கமுதல் கேட்டார்.

"இஞ்சை ஆர் அவள்?"

நான் சிரித்த சிரிப்பு அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. கையோடு பாலை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாழாய்ப்போன காலம், குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன. மண் திட்டு உடைந்து, பொந்து காலி. அம்மா அதை வடிவாகப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மகளைப் பிடிக்கப் போன மனுசன் தான் ஆரிட்டையோ பிடிபட்டிட்டார். இப்ப அப்பனும் மகளும் சேந்து எனக்கு ஓட்டையைக் காட்டுறியள்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த ஆண் மனைவியிடம் கொஞ்சம் அன்பாக நடந்துகொண்டாலும், "நெடுங்கேணிக்குப் போனவரோ?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என் கணவரும் இந்தக் கேள்வியை வாங்கியிருக்கிறார், என் மருமகனும் வாங்கியிருக்கிறார். அப்பா கடைசிவரை பழம் வாங்கி வருவதை விடவில்லை, அம்மா கடைசிவரை அவரை நம்பவில்லை. இரண்டும் இருவருக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா போய்க் கனகாலம். அம்மா எண்பதைத் தாண்டிவிட்டார், கட்டிலோடுதான். போன கிழமை தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கிட்ட வரச் சொல்லி, குரலைத் தாழ்த்தினார்.

"இனி என்ன கிடக்கு, உண்மையைச் சொல்லு பிள்ளை. அந்த மரத்துக்குள்ளை ஒருத்தி இருந்தவளோ?"

"ஓமம்மா, இருந்தவதான்."

"நான் அப்பவே நினைச்சனான்," என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த சுளைக்கு வாயைத் திறந்தார்.