மாணிக்க விருந்தினருக்குப் பசிக்காது

குளுவாங் யோகேஸ்வரிக்கு 'செரி சமுத்ரா' என்ற உல்லாசக் கப்பலில் பெரிய அநீதி ஒன்று இழைக்கப்பட்டது. அவருக்கு மரியாதை செய்துவிட்டார்கள்.

இதில் என்ன அநீதி என்று கேட்பவர்கள், இதுவரை யாரிடமும் மரியாதை வாங்காத பாக்கியசாலிகளாக இருக்க வேண்டும். அவர்களுக்காக முதலிலிருந்தே சொல்லிவிடுவது நல்லது.

யோகேஸ்வரி செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் பாலிக்கும் ஊட்டிக்கும் போக, இவர் மட்டும் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கைத் தொட்டுவிட்டுத் திரும்பும் அதே கப்பலில் திரும்பத் திரும்பப் போனார். "மறுபடியும் அதே கப்பலா?" என்று யாராவது கேட்டால், "நீங்க தினமும் அதே வீட்டுக்குத்தானே போறீங்க, நான் ஏதாவது கேட்டேனா?" என்பார்.

உண்மையில் அவர் பினாங்கில் இறங்குவதுகூட இல்லை. அவருக்கு வேண்டியது கப்பலின் கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்தில், பின்பக்கக் கண்ணாடி ஓரத்து மேசை. கப்பல் கிழித்துப்போகும் தண்ணீர் வெள்ளையாய் நுரைத்து நீளுவது அங்கிருந்து தெரியும். எதிர் நாற்காலியில் ரம்லா இருப்பார்.

ரம்லா ஜொகூர் பாருவில் கணவரோடு சாப்பாட்டுக் கடை நடத்துபவர். ஊரையே உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டுத் தான் மட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவர். உட்கார்ந்து சாப்பிடுவதற்காகவே கப்பல் ஏறுகிறவர். முதல் பயணத்தில் இருவருக்கும் ஒரு சண்டை. இந்தக் கப்பலில் கொடுப்பது தேநீர்தான் என்றார் யோகேஸ்வரி. அது வெந்நீருக்குப் பூசிய வர்ணம் என்றார் ரம்லா. சண்டை தீராததால் அடுத்த பயணம் சேர்ந்து வந்தார்கள். அப்புறம் ஒரே அறையில் தங்கினார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிடுமோ என்ற பயம் இருவருக்கும் உண்டு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், இந்த முறை கப்பலேறும் வாசலிலேயே வெள்ளைச் சீருடை போட்ட ஓர் இளைஞர் பொன்னாடையோடு நின்றார். பெயர் ஹேமநாதன். ஜொகூரின் மாசாய் ஊர்ப் பையன். பதவி, விருந்தினர் கௌரவப் பிரிவின் துணை அலுவலர்.

"வாழ்த்துகள் மேடம்! இன்றுமுதல் நீங்க மாணிக்க விருந்தினர். எங்க கப்பல்ல இதுக்கு மேல ஒரு தகுதி கிடையாது!"

ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் வரும் காஸ்வே பாலத்து நெரிசலில் நின்று நின்று வந்த களைப்பில், போட்ட பொன்னாடையை யோகேஸ்வரி முகம் துடைக்கக் கொடுத்த துண்டென்று நினைத்துவிட்டார். துடைத்து முடித்த பிறகு பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "இவங்களுக்கு?" என்றார்.

ஹேமநாதன் கையிலிருந்த பலகைக் கணினியைத் தட்டினார். "இவங்க உடன் வருபவர், மேடம். அறை உங்க பேர்லதான் இருக்கு. பயணமும் உங்க பேர்லதான் சேரும்."

"தம்பி, நானும் இத்தனை தடவை வந்திருக்கேன்லா," என்றார் ரம்லா.

"வந்திருக்கலாம் ஆண்டி. ஆனா பயணம் செஞ்சதா சிஸ்டத்துல இல்ல."

"அப்ப இத்தனை நாளா பினாங்குக்கு நீந்தியா போனேன்?"

ஹேமநாதன் மறுபடியும் தட்டிப் பார்த்தார். "அதுவும் சிஸ்டத்துல இல்ல, ஆண்டி."

மாணிக்க விருந்தினரின் உரிமைகள் பின்வருமாறு விளக்கப்பட்டன. அவர் வரிசையில் நிற்கக்கூடாது. தட்டைத் தூக்கக்கூடாது. கீழ்த்தளத்தில் சாதாரண மேசையில் அமர்வது அவரது கௌரவத்துக்குப் பொருந்தாது என்பதால், கூடத்தின் நடுவே போட்ட மேடையில் கப்பல் தலைவரோடு உணவருந்த வேண்டும். கப்பல் தலைவர் கப்பல் ஓட்டும் சிறு வேலை காரணமாக வர இயலாது. எனினும் அவருடைய காலி நாற்காலி உரிய மரியாதையுடன் போடப்பட்டிருக்கும்.

"ரம்லாக்கா எங்க உட்காருவாங்க?"

"கீழதான் மேடம். மேடையில தகுதி உள்ளவங்க மட்டும்தான்."

"அந்தக் காலி நாற்காலிக்கு என்ன தகுதி?"

"அது கேப்டன் நாற்காலி, மேடம்," என்றார் ஹேமநாதன், குரலைத் தாழ்த்தி.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று இருந்தது. மாணிக்க விருந்தினர் கூடத்துக்குள் கடைசியாகத்தான் வர வேண்டும். அவர் வந்து முதல் கரண்டியை எடுக்கும்வரை யாரும் சாப்பிடக்கூடாது. இதைக் கப்பல் கம்பெனி வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. ஜொகூரில் ஏதோ ஒரு கல்யாண விருந்துக்கு வந்துவிட்டுக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பிரமுகர் வந்து உட்காரும்வரை கோழி வறுவல்மேல் மூடிய மூடி திறக்காது என்பது நம்மவர் சட்டம். எங்கும் எழுதப்படாத சட்டம் என்பதால் இதுவரை யாரும் மீறியதில்லை.

முதல் நாள் மாலை யோகேஸ்வரி 'கௌரவ ஓய்வறை' என்று பலகை மாட்டிய ஓர் அறையில் உட்காரவைக்கப்பட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கூடம். மிளகாய்ச் சம்பல் வாசனை வந்தது, ரெண்டாங் கறி வாசனை வந்தது, சாப்பாடு மட்டும் வரவில்லை.

"பசிக்குது தம்பி."

"மாணிக்க விருந்தினருக்குப் பசிக்காது மேடம். பசிச்சா சீக்கிரம் வந்துடுவாங்க. சீக்கிரம் வர்றவங்க மாணிக்கமா இருக்க முடியாது."

"அப்ப நான் மாணிக்கம் இல்லைதானே?"

"நீங்க இன்னும் வரலையே மேடம். நான்தான் கதவைப் பூட்டியிருக்கேன்."

ஒருவழியாகக் கதவு திறந்தது. கூடமே எழுந்து நின்றது. பசியில் எழுந்தவர்கள் பாதி, இப்போதாவது சோறு கிடைக்கும் என்ற மகிழ்ச்சியில் எழுந்தவர்கள் மீதி. யோகேஸ்வரி மேடையேறிக் கரண்டியைத் தொடப் போன நேரத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்தார். அவர் குளுவாங்கிலிருந்து ஒரு குழுவை அழைத்துவந்த ஜெயபாலன். கோயில் கமிட்டியில் நெடுங்காலம் இருந்தவர். மேடை இருந்தது, மைக் இருந்தது, பொன்னாடையோடு ஓர் ஆள் இருந்தார். பேசாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"எங்கள் குளுவாங் மண்ணின் மாணிக்கமே!" என்று அவர் ஆரம்பித்தபோது கிண்ணத்து லக்சா நூடுல்ஸ் சூடாக இருந்தது. "இத்துடன் என் சிற்றுரையை நிறைவு செய்கிறேன்" என்றபோது அதன்மேல் எண்ணெய் ஆடை கட்டியிருந்தது.

மேடையிலிருந்து பார்த்தால் பின்கண்ணாடி மேசை தெரிந்தது. அங்கே ரம்லா தனியாக உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். 'பார், இது தேநீரா?' என்று அதற்கு அர்த்தம். பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. பக்கத்தில் இருந்ததோ கேப்டனின் நாற்காலி. அதனிடம் என்ன வாதாடுவது?

மறுநாள் காலை அறையில் ரம்லா பொரிந்து தள்ளினார். "யாரோ ஒருத்தர் வர்ற வரைக்கும் ஊரே பட்டினி கிடக்கணுமா? என்ன நாகரிகம் இது? என் கடையில அமைச்சரே வந்தாலும் முதல்ல வந்தவனுக்குத்தான் முதல் ரொட்டி!"

"என்னைத் திட்டாதீங்கக்கா. நான் கேட்டா வாங்கினேன்?"

யோகேஸ்வரி நேராக ஹேமநாதனிடம் போனார். "தம்பி, என்னை இறக்கிவிடு."

"பினாங்கு வர இன்னும் நேரம் இருக்கே, மேடம்."

"கப்பல்லேருந்து இல்லப்பா. மாணிக்கத்துலேருந்து."

ஹேமநாதனுக்கு வியர்த்துவிட்டது. "அலமாக்! ஏத்தறதுக்குத்தான் மேடம் விதி இருக்கு. இறக்க விதியே இல்ல. ஒழுங்கீனமா நடந்துகிட்டா மட்டும் தகுதி பறிபோகும்."

இதைச் சொல்லியிருக்கக்கூடாது.

அன்று காலைப் பசியாறலின்போது மாணிக்க விருந்தினர் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து, எல்லார் கண்முன்னும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கையும் அவித்த முட்டையையும் அள்ளி அடைத்தார். உணவைத் தாபாவ் செய்து, அதாவது கட்டி எடுத்து, அறைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சுவர்தோறும் எழுதியிருந்தது. ஹேமநாதன் ஓடிவந்தார். யோகேஸ்வரி ஆவலோடு தண்டனைக்குக் காத்திருந்தார்.

"மேடம், டப்பா எங்ககிட்டயே இருக்கு. தங்க நிறத்துல!" என்றார் அவர் மூச்சிரைக்க.

பிற்பகலுக்குள் வெள்ளி, தங்கத் தகுதிக்காரர்கள் எல்லாரும் டப்பாவோடு அலைந்தார்கள். மாணிக்கங்கள் இப்படித்தான் செய்வார்களாம். ஜெயபாலன் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்திருந்தார். சுவரில் இருந்த தடை அறிவிப்பை எடுத்துவிட்டு, 'பாரம்பரியத் தாபாவ் நேரம்' என்று வேறு ஒன்றை ஒட்டினார்கள்.

யோகேஸ்வரி தளரவில்லை. குளியலறை சிலிப்பரோடு மாலை விருந்துக்குப் போனார். மறுநாள் மாலை பட்டுப்புடவைக்கும் கோட்டுக்கும் கீழே கூடம் முழுவதும் சிலிப்பர் சத்தம். கறுப்பு ஷூ போட்டுவந்த ஒரு பெரியவரை, "நாகரிகம் தெரியாத ஆள்" என்று பக்கத்து மேசையில் முணுமுணுத்தார்கள்.

கடைசியில் அவர் ஹேமநாதனின் காவலை ஏமாற்றிவிட்டு ஓடி, சமையலறைக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் ரம்லாவோடு உட்கார்ந்தார். மடியில் ரொட்டி சானாய். குழம்பில் கை.

"இப்ப சொல்லுங்கக்கா, நேத்து தேநீர் எப்படி?"

"தேநீரா? கேப்டன் கால் கழுவின தண்ணின்னு நினைச்சேன்."

"உங்க கடைத் தேநீர் மட்டும் என்னவாம்? சீனியைக் குடிச்சிட்டுப் பல்லைத் தேடணும்!"

"சீனியைக் குறைன்னு நீதானே ஒரு தடவை சொன்னே? குறைச்சேன். வாடிக்கையே போச்சு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பயணத்தில் யோகேஸ்வரி ருசித்துச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான். ஆனால் யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். அவர்கள் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் படிக்கட்டின் இருபுறமும் சிவப்புக் கயிறு. தங்கத் தகுதிக்கு மேற்பட்டோர் மட்டும் தரையில் அமர அனுமதிக்கப்பட்டனர். உடன் வருபவர் என்பதால் ரம்லா எழுப்பிவிடப்பட்டார். அந்த இடத்தில் ஜெயபாலன் தூக்குச்சட்டியோடு அமர்ந்தார்.

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் யோகேஸ்வரி கௌரவப் பிரிவின் தலைவர் சுகுமாறனின் அறைக் கதவைத் தட்டினார். சுகுமாறன் எதையும் மறுக்காதவர் என்று பெயரெடுத்தவர். 'பரிசீலிக்கிறேன்' என்ற ஒரே சொல்லைக்கொண்டு பதவியில் இவ்வளவு தூரம் வந்தவர்.

"எனக்கு ஒண்ணும் பெருசா வேணாம் சார். அந்தப் பின்னாடி மேசை. எதிர்ல ரம்லாக்கா. அவ்வளவுதான்."

"உங்களை அவங்க அளவுக்கு இறக்க வழியில்ல, மேடம்." சுகுமாறன் கண்ணை மூடி யோசித்தார். "ஆனா அவங்களை உங்க அளவுக்கு ஏத்தலாம்."

அன்று பிற்பகலே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கருணை அடிப்படையில், கடந்த பயணங்கள் அனைத்திலும் ஜொகூர் பாரு ரம்லா கப்பலின் உள்ளேயே இருந்தார் என நிர்வாகம் கருதுவதாகவும், எனவே அவரும் இன்றுமுதல் மாணிக்க விருந்தினர் என்றும் அதில் சொல்லப்பட்டது.

யோகேஸ்வரி குதிக்காத குறை. அன்று கடைசி மாலை விருந்து. இருவரும் பொன்னாடையோடு ஓய்வறையில் உட்கார்ந்தார்கள். ஹேமநாதன் கதவைத் திறக்க வந்தவர், கைப்பிடியில் கை வைத்தபடியே நின்றுவிட்டார்.

"மேடம், மாணிக்க விருந்தினர் கடைசியாத்தான் போகணும்."

"தெரியுமே."

"நீங்க போனா ஆண்டிதான் கடைசி. ஆண்டி போனா நீங்க கடைசி. யார் முதல்ல போனாலும் ஒரு மாணிக்கத்துக்கு அவமரியாதை ஆயிடும்."

அவர் சுகுமாறனிடம் ஓடினார். சுகுமாறன் பரிசீலித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கூடம் காத்திருந்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பயணிகள் வேண்டுமானால் சாப்பிடத் தொடங்கலாம் என்று மைக்கில் சொன்னார்கள். ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. "VIP வராம எப்படிச் சாப்பிடறது? நல்லா இருக்காது," என்று கூடத்தின் சார்பில் ஜெயபாலன் அறிவித்தார். கைதட்டல்கூடக் கேட்டது. பசியில் தட்டியதால் சத்தம் குறைவு.

ரம்லா சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யோகேஸ், உள்ள நிஜமாவே யாரும் சாப்பிடலையா?"

"இல்லக்கா, பாவம்."

"எல்லாரும் நமக்காகவா உட்கார்ந்திருக்காங்க?"

"ஆமா. கொடுமை."

"ஆமா, கொடுமைதான்," என்றார் ரம்லா மெதுவாக. பிறந்ததிலிருந்து "அக்கா, சீக்கிரம்! அக்கா, என் ரொட்டி எங்க?" என்ற குரல்களை மட்டுமே கேட்டு வளர்ந்த காது, சுவரைவிட்டு வரவில்லை.

கடைசியில் ஹேமநாதன் முகம் மலர ஓடிவந்தார். "பாஸ் எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டார் மேடம்! மேடை வேணாம். அந்தப் பின்னாடி மேசையையே போட்டாச்சு. ரெண்டு நாற்காலி. கதவை ரெண்டு பக்கமும் திறந்துவிடறோம், ரெண்டு பேரும் ஜோடியா உள்ள போகலாம். இனி எந்தப் பயணத்துலயும் இப்படித்தான். விதியையே மாத்திட்டார்!"

யோகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. வாதாடி வாதாடி ஒரு மனுஷி ஒரு கப்பலையே திருத்திவிட்டாள்! அவர் எழுந்து கையை நீட்டினார்.

"வாங்கக்கா, சேர்ந்தே போவோம்."

ரம்லா எழவில்லை. எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்து, தலைத்துணியைச் சரிசெய்து, அதன்மேல் பொன்னாடையை ஒருமுறை எடுத்து, மறுபடி மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்:

"நீ முன்னால போய் உட்காருலா, யோகேஸ். நான் கொஞ்சம் கழிச்சு வரேன். நான் வர்ற வரைக்கும் யாரையும் சாப்பிட விடாதே."