கூடுதலாக இருபது குதிரைகள்

"நான் ஆட்டோவில வரேன். நீங்க உங்க காரை ஓட்டிண்டு வாங்கோ," என்றாள் வைஜயந்தி.

அச்சுதன் முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். புணேயின் வானவடியில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தின் வாசல் அது. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் வேடிக்கை பார்க்கவும் போதுமான ஆட்கள் இருந்தார்கள்.

"கோயில் ரெண்டு கிலோமீட்டர்தான் வைஜு."

"அதனாலதான் ஆட்டோ. இன்னும் தூரமா இருந்தா பஸ்."

பின் இருக்கையிலிருந்து மகள் ப்ரீதி தலையை நீட்டினாள். பதினான்கு வயது. பிறந்ததும் வளர்ந்ததும் புணேயிலேயே. அவளுடைய தமிழ் மனிதர்களுக்கும் மேஜை நாற்காலிக்கும் வித்தியாசம் பார்க்காது.

"அப்பா, அம்மா வராது. நீ ஸ்டார்ட் பண்ணு, சலோ."

அம்மா வராததற்குக் காரணம் மூன்று வாரம் முன்பு காத்ரஜ் காட் மலை ரோட்டில் நடந்தது. தீபாவளிக்கு வாங்கிய புது டீசல் கார். டர்போ வைத்தது. அந்த வகை எஞ்சினில் ஒரு சின்ன விசிறி உண்டு. அது சுற்றி வேகமெடுத்து உள்ளே காற்றைத் தள்ளினால்தான் வண்டிக்கு உயிர் வரும். அதுவரை வண்டி யோசிக்கும். அன்று ஒரு வெங்காய லாரியை முந்துவதற்காக அச்சுதன் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்க, கார் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்று நிதானமாக யோசித்தது. எதிரே சிவப்பு எஸ்.டி. பஸ் வந்தது. பிரேக் அடித்துப் பின்வாங்கி மறுபடி லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதற்குள் வைஜயந்தி தனக்குத் தெரிந்த அத்தனை தெய்வங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடித்திருந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் மலை உச்சியில் இறங்கி, ஒரு கிளாஸ் கரும்புச் சாறு குடித்து, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து முன் இருக்கை காலி.

அச்சுதனுக்கு அதுதான் தாங்கவில்லை. பதினாறு வருஷம் ஸ்கூட்டரின் பின்னால் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்து வந்தவள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முகம் பார்த்துப் பேசிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் அவன் காரே வாங்கினான். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேங்கில் இருபது வருஷம் வேலை பார்த்தால் மனிதனுக்கு இந்த மாதிரி விஷயங்கள் வாயில் வராது. பிப்ரவரியில் கல்யாண நாள்; பஞ்ச்கனி போவதாகத் திட்டம். அதற்கும் அவள் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

முதலில் அவன் விஞ்ஞானத்தை நம்பினான். சமையலறைக்குப் போய் குக்கரைக் கையில் எடுத்து விளக்கினான்.

"இதோ பாரு, கேஸைப் பத்த வெச்ச உடனே விசில் வருமா? ஆவி சேரணும் இல்லையா? அதே மாதிரிதான் டர்போவும்."

வைஜயந்தி குக்கரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளா என்னையும் கொழந்தையையும் குக்கர் மேல உக்காத்தி வெச்சுத்தான் ஓட்டிண்டிருந்தேளா?"

அடுத்தது, பொறுமையாக ஓட்டிக் காட்டுவது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாலை அவளைக் கேம்ப் கடைத்தெரு வரை அழைத்துப் போனான். முப்பதுக்கு மேல் முள் போகவில்லை. லூனாவில் வந்த ஒரு தாத்தா முந்தினார். காய்கறி வண்டிக்காரர் முந்தினார். பின்னால் ஹாரன் சத்தம் பாண்டு வாத்தியம் போல் எழும்பியது. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "காகா, டகலாய்ச்சி ஆஹே கா?" என்று அக்கறையாகக் கேட்டார். தள்ள வேண்டுமா என்று அர்த்தம்.

வைஜயந்தி அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் மாலை பேங்கிலிருந்து திரும்பும் வழியில் அச்சுதன் கோர்படிக்கு வண்டியை விட்டான். ரயில்வே காலனிக்குப் பக்கத்தில் டேனியலின் ஒர்க் ஷாப். ஸ்கூட்டர் காலத்திலிருந்தே குடும்ப மெக்கானிக். இப்போது ஒரு லேப்டாப்பும் வாங்கியிருந்தான். அவன் மனைவி சோனியா முன்னால் ஒரு மேஜை போட்டு, வரும் வண்டிகளை நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"சார், எஞ்சினுக்கு மூளைன்னு ஒரு டப்பா இருக்கு," என்றான் டேனியல். "எப்ப எவ்வளவு டீசல், எவ்வளவு காத்துன்னு அதுதான் முடிவு பண்ணும். கம்பெனிக்காரன் பயந்து பயந்து எழுதி வெச்சிருப்பான். நாம லேப்டாப்பை மாட்டி அதைத் திருத்தி எழுதறோம். ரீமேப்புன்னு பேரு. எழுபத்தஞ்சு குதிரை சக்தி தொண்ணூத்தஞ்சு ஆயிடும்."

"இருபது குதிரையா!"

"வாரண்டி போயிடும் சார். கிளட்ச்சு சீக்கிரம் தேயும். யோசிச்சுச் சொல்லுங்க."

அச்சுதன் இரண்டு நாள் யோசித்தான். லோன் மனுவைப் பார்க்கும் கண்ணால் பார்த்தால் நிராகரிக்க வேண்டிய விஷயம். வாரண்டி போகும், மைலேஜ் குறையலாம், கிளட்ச் தேயும். ஆனால் இன்னொரு பக்கம், பலம் கூடினால் லாரியை நொடியில் தாண்டலாம். நொடியில் தாண்டினால் பஸ் எதிரே வராது. பஸ் வராவிட்டால் வைஜயந்தி இறங்க மாட்டாள். கார் யோசிக்காமல் இருந்தால் அவளும் யோசிக்காமல் ஏறுவாள். தர்க்கம் எங்கேயும் இடிக்கவில்லை. இடித்தது ஒன்றே ஒன்றுதான். எழுபத்தைந்து குதிரைக்கே ஒப்புக்கொள்ளாதவளிடம் இன்னும் இருபதைப் பற்றி எப்படிச் சொல்வது?

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில், ரசத்தை ஊற்றிக்கொண்டே வைஜயந்தி சொன்னாள்:

"எதுக்கும் வண்டியை ஒரு தடவை டேனியல்கிட்ட சர்வீசுக்கு விடுங்கோளேன்."

அச்சுதன் அப்படியே அசந்துபோனான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, ரசத்தில்கூட விழும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நாளைக்கே விடறேன்!" என்றான்.

"நாளைக்கேவா? ரொம்ப நல்லது!" என்றாள் அவளும். அவள் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவன் பார்த்துப் பல நாள் ஆயிற்று.

வியாழக்கிழமை காலை சாவியைக் கொடுத்து, "மேப்பை மாத்திடு," என்றதும் டேனியல் சோனியாவைப் பார்த்தான். சோனியா நோட்டைப் பார்த்தாள்.

"சார், வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?"

"வீட்டுக்குத் தெரியவே கூடாது டேனியல். தெரிஞ்சா எஞ்சின் இருக்கும், நான் இருக்கமாட்டேன்."

டேனியலுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமி முடித்து, "விட்டுட்டுப் போங்க சார், பாத்துக்கறேன்," என்றான்.

மாலையில் வண்டி பளபளவென்று நின்றது. டேனியல் இரண்டு நிபந்தனை சொன்னான்.

"ஒண்ணு, இப்ப பைசா வேணாம். பத்து நாள் ஓட்டிப் பாத்துட்டு, வெச்சுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க. ரெண்டாவது, முந்தறதுக்கு முன்னாடி கியர் ஒண்ணு குறைச்சிடுங்க. எதிர்ப்பக்கம் முழுசா காலியா இருக்கான்னு பாத்துட்டு, பதமா மிதிங்க. ஓங்கி மிதிச்சா மேப்பு கோவிச்சுக்கும்."

ஃபாத்திமா நகர் சிக்னல் பச்சையானபோது அச்சுதன் சொன்னபடி பதமாக மிதித்தான். அடேயப்பா! முதுகு சீட்டோடு ஒட்டியது. இருபது குதிரைகளும் ஒரே சமயத்தில் கனைத்தது காதில் விழுந்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

வீட்டு வாசலில் வைஜயந்தி காத்திருந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, முன்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"சும்மா ஒரு ரவுண்டு போலாமா?"

அச்சுதன் சந்தோஷமாகத் தலையாட்டிச் சாவியைத் திருகினான். அடுத்த நொடியே பயம் வந்தது. புதுப் பலம் அவளுக்குத் தெரிந்துவிட்டால்? குதிரைகளை இழுத்துப் பிடித்து, பெடலுக்கடியில் முட்டை இருப்பதுபோல் ஓட்டினான்.

"பாருங்கோ, வண்டி எவ்வளவு சாதுவா ஆயிடுத்து!" என்றாள் வைஜயந்தி.

அவள் பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாண நாளன்று, பசர்ணி காட் ரோட்டில் பஞ்ச்கனிக்கு ஏறும்போது முன்னால் ஒரு எஸ்.டி. பஸ். அச்சுதன் அவசரப்படவில்லை. காத்திருந்தான். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. நீளமாக, வெறிச்சென்று ஒரு நேர்ச்சாலை வந்தது. கியரைக் குறைத்தான். பதமாக மிதித்தான். கார் யோசிக்கவே இல்லை. பஸ்ஸைத் தாண்டித் தன் பக்கம் வந்து சேர்ந்தபோது வைஜயந்தி கைப்பிடியைப் பிடித்திருக்கவில்லை, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை அவன் வாயில் போட்டாள்.

அச்சுதனுக்கு அன்று பஞ்ச்கனியே வேண்டியிருக்கவில்லை. அந்தச் சாலை முடியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தான். போகிற ஜோரில், காரை எதற்காக வாங்கினான் என்பதைக்கூட அவளிடம் சொல்லிவிட்டான். அவள் இன்னொரு சுளையைக் கொடுத்தாள். கண் ஓரம் ஈரமாக இருந்தது.

பிறகு மெல்லக் கேட்டாள்: "ஏன்னா, உங்களுக்கு வண்டியில ஏதாவது வித்தியாசம் தெரியறதா?"

ஆரஞ்சு விதை தொண்டையில் சிக்கியது. "வித்தியாசமா? என்ன வித்தியாசம்? ஒண்ணும் இல்லையே!"

"இல்லை, சும்மா கேட்டேன்."

"ஆயில் மாத்தினான் டேனியல். புது ஆயில். அதனால இருக்கும்."

"ஆமா ஆமா! ஆயில்தான்! வேற என்ன!" என்றாள் வைஜயந்தி, அவனைவிட வேகமாக.

பின் இருக்கையிலிருந்து ப்ரீதி, "எனக்கு எல்லாம் சேம் டு சேம்தான் இருக்கு," என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்!" என்று இருவரும் ஒரே குரலில் அடக்கினார்கள்.

பொய்யைத் தனியாக விட்டால் ஒரு மூலையில் கிடக்கும். வைஜயந்தி அதை அடுக்ககம் முழுக்கப் பரப்பினாள். லிஃப்டில், பால் பூத்தில், சங்கஷ்டி சதுர்த்தி பூஜையில், டேனியலின் ஆயிலைப் பற்றியே பேச்சு. "முரட்டு வண்டி பசு மாடு மாதிரி ஆயிடுத்து" என்று அவள் சொல்ல, "கழுதை மாதிரி இருந்தது பறக்கறது" என்று அச்சுதனும் ஆமோதித்துத் தொலைத்தான். இரண்டையும் செய்யும் ஆயில் என்றால் யார்தான் விடுவார்கள்? வண்டி வந்த ஏழாம் நாள், அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் ஸ்வாமிநாதன் கதவைத் தட்டினார்.

"அச்சுதன், நாளைக்குக் காலம்பற பதினோரு வண்டி கோர்படிக்குப் போறது. மராத்திக்காரா, சர்தார்ஜி எல்லாரும் வரா. ஆயில் பேர் என்ன? டேனியலுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், அந்தப் பையன் முழிக்கறான்."

"முழிக்கறானா?"

"என்ன ஆயில்னு கேக்கறான். நேர்ல போய் வைஜயந்தியையும் வெச்சுண்டு கேட்டுடறேன்."

அச்சுதன் சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாக மாட்டிக்கொண்டு கோர்படிக்கு ஓடினான். பதினோரு வண்டிக்காரர்களுக்கு முன்னால், வைஜயந்தியை வைத்துக்கொண்டு, டேனியல் "ரீமேப்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன் இருக்கை மறுபடி காலி. ஆரஞ்சுச் சுளையும் இல்லை, ஒன்றும் இல்லை.

டேனியல் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க வெளியே போயிருந்தான். சோனியா மட்டும் மேஜையில் இருந்தாள். அச்சுதன் மூச்சிரைக்கப் பணத்தை மேஜையில் வைத்தான்.

"நான் முடிவு பண்ணிட்டேன் சோனியா. பத்து நாள் வேண்டாம். அந்த மேப்பு அப்படியே இருக்கட்டும், பழையபடி மாத்தவே கூடாது. நாளைக்கு எங்க பில்டிங்லேர்ந்து வருவா. யார் கேட்டாலும் ஆயில்னுதான் சொல்லணும். முக்கியமா உங்க வைஜயந்தி அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது. அந்த இருபது குதிரை என் குடும்பத்தையே திருப்பிக் கொடுத்திருக்கும்மா!"

சோனியா பணத்தை அவன் பக்கமே தள்ளினாள். சிரிப்பை அடக்க முடியாமல் நோட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

"எந்தக் குதிரை சார்? செவ்வாக்கிழமை அக்கா ஆட்டோவில வந்து 'அவருக்குத் தெரியாம பவரைப் பாதியாக் குறைச்சிடு'ன்னாங்க, வியாழக்கிழமை நீங்க வந்து அக்காவுக்குத் தெரியாம ஏத்தச் சொன்னீங்க, புருஷன் பொண்டாட்டி நடுவுல நமக்கென்ன வேலைன்னு எங்க வீட்டுக்காரர் வண்டியை நல்லாக் கழுவி மட்டும் குடுத்தாரு, ஆயில்கூட மாத்தல!"